நாட்டிய உடையை மாற்றிய மதுரைப் பெண்

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி. மதுரையில் நீலகண்ட சாஸ்திரி என்பவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ருக்மிணி என்று பெயர் வைத்தார்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு தடவைதான் இந்தக் குழந்தைக்குப் பிறந்த நாள் வரும்!

அந்தக் காலத்து மதுரைச் சீமையில் இரண்டு உலகங்கள் இருந்தன. கீழே, சமவெளியில், கோவில்கள். கோவிலை அண்டி வாழ்ந்த தேவதாசிகள். அவர்களுடைய சதிர் ஆட்டம். மேலே, பழனி மலைத் தொடரின் உச்சியில், கொடைக்கானல். கோடை வந்துவிட்டால் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் குடும்பத்தோடு மலை ஏறிவிடுவார்கள். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. நடந்து போனவர்கள் பாதி. டோலியில் போனவர்கள் பாதி. அவர்களுடைய பிள்ளைகள் படிக்க 1901-ம் ஆண்டிலேயே அங்கே ஒரு பள்ளிக்கூடம் வந்துவிட்டது. மேலே கவுனும் பூட்சும். கீழே புடவையும் சலங்கையும்.

இந்த இரண்டு உலகங்களும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்தவர் ருக்மிணி தேவி. தைத்தவர் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. ஊசியும் நூலும் வைத்துத்தான் அந்தக் காரியம் நடந்தது.

ஊரே எதிர்த்த கல்யாணம்

நீலகண்ட சாஸ்திரி சர்க்கார் மராமத்து இலாகாவில் என்ஜினீயர். வடமொழியும் படித்தவர். தாயார் சேஷம்மாள் சங்கீதப் பிரியை. தந்தை பிரம்மஞான சபையில் சேர்ந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் சென்னை அடையாற்றில், சபையின் அருகிலேயே குடியேறினார். சபையின் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார். அவருக்கு வலது கை போல இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். 1917-ல் பெசன்ட் அம்மையாரோடு ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர் அவர்.

1920-ம் ஆண்டு அருண்டேல் ருக்மிணியை மணந்தார். கல்யாணம் பம்பாயில் நடந்தது. மணமகளுக்கு வயது 16. மணமகன் 40-ஐத் தாண்டியவர். பிராமணப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று சென்னையே கொதித்தது. பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ருக்மிணி அசையவில்லை. ஊர் பழிப்பதைத் தாங்கும் நெஞ்சுரம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. பின்னால் அது மிகவும் தேவைப்பட்டது.

கணவரோடு அவர் பல நாடுகளைச் சுற்றி வந்தார். 1924-ல் லண்டனில் ஒரு நாள் கோவென்ட் கார்டன் அரங்குக்குப் போனார். அன்று மேடையில் ஆடியவர் அன்னா பாவ்லோவா.

அன்னப் பறவை

பாவ்லோவா ரஷ்ய நாட்டுப் பெண். பாலே நடனத்தில் உலகப் புகழ் பெற்றவர். சாகும் அன்னப் பறவையாக அவர் ஆடுகிற நடனம் சில நிமிஷங்கள்தான். பார்த்தவர்கள் ஆயுள் முழுதும் மறக்கமாட்டார்கள். வெள்ளை இறகு தைத்த குட்டைப் பாவாடை, தலையில் இறகு, காலில் பட்டுத் துணி போர்த்திய காலணி. கட்டை விரல் நுனியில் நின்று அவர் மேடையில் மிதப்பார்.

நுனி விரலில் எப்படி நிற்க முடிகிறது? பார்க்கிறவர்களுக்கு அது மாயம். உள்ளே இருப்பது தொழில். அந்தக் காலணியின் முனைக்குள் துணியையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்திருப்பார்கள். அது கட்டைபோல் கெட்டியாகிவிடும். அடியில் குறுகலான ஒரு தோல் அட்டை. கணுக்காலைச் சுற்றிக் கட்ட ரிப்பன். ரிப்பனை விற்கிறவர் தைத்துத் தரமாட்டார். ஆடுகிறவளே தன் காலுக்குத் தக்கபடி தைத்துக் கொள்ளவேண்டும். பாவ்லோவாவின் பாதம் வில்லாக வளைந்த மெல்லிய பாதம். சாதாரணக் காலணி அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே தன் காலணிகளுக்குக் கூடுதலாகக் கெட்டித் தோல் வைத்து, முனையையும் பலப்படுத்திக் கொண்டார். அப்போது சிலர் அதைக் குறை கூறினார்கள். இன்று உலகம் முழுவதும் நுனிக்கால் நடனம் ஆடுகிற பெண்கள் அணிவது ஏறக்குறைய அதே மாதிரிக் காலணிதான்!

1928-ம் ஆண்டின் கடைசியில் பாவ்லோவா பம்பாய்க்கு வந்தார். அங்கிருந்து ஆஸ்திரேலியா பயணம். அருண்டேல் தம்பதிகளும் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டி இருந்தது. ஒரே கப்பலில் போனார்கள். கப்பலில் பொழுது நிறைய. இரு பெண்களும் பேசிப் பழகினார்கள்.

தன்னால் பாவ்லோவாவைப் போல ஒரு நாளும் ஆட முடியாது என்று ருக்மிணி ஏக்கத்தோடு சொன்னாராம். ருக்மிணி ஆடக்கூட வேண்டாம், மேடையில் நடந்தாலே போதும், ஜனங்கள் பார்க்க வருவார்கள் என்று பாவ்லோவா பதில் கூறினாராம். அத்தோடு விடவில்லை. தன் குழுவில் ஆடிய கிளியோ நோர்டி என்ற பெண்ணை அழைத்து, ருக்மிணிக்குப் பாலே சொல்லித்தரும்படி ஏற்பாடு செய்தார்.

ருக்மிணிக்கு அப்போது வயது 24, 25 இருக்கும். பாலே கற்கத் தொடங்கும் வயதல்ல அது. மேல்நாட்டில் எட்டு, ஒன்பது வயதில் தொடங்கிவிடுவார்கள். வயது வந்தபின் கற்க வருகிற பெண்ணுக்கு முதலில் முனை வைத்த காலணியைத் தரமாட்டார்கள். மெல்லிய தோலில் அல்லது கித்தான் துணியில் தைத்த மெத்தென்ற காலணிதான். பாதத்தோடு ஒட்டி இருக்கவேண்டும். வளரும் குழந்தைக்கு வாங்குவதுபோல விரல் முனையில் இடம் விட்டு வாங்கினால் வழுக்கி விழவேண்டியதுதான். உடையும் அப்படியே. உடம்போடு ஒட்டிய சட்டை, காலோடு ஒட்டிய உறை. முழங்கால் எப்படி மடங்குகிறது, முதுகு நேராக இருக்கிறதா என்பது ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியவேண்டும். தளதளவென்று தொங்குகிற உடை தப்புகளை மறைத்துவிடும்.

ஆடை, ஆட்டத்தை மறைக்கக் கூடாது. இந்த ஒரு பாடம் பின்னால் ருக்மிணிக்குப் பெரிதும் கை கொடுத்தது.

ஆனாலும் பாவ்லோவா அவரைப் பாலேயிலேயே இருக்கச் சொல்லவில்லை. உன் நாட்டுக் கலை எது என்று தேடிப் போ என்கிற விதமாகவே யோசனை சொன்னார். 1931-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஹாலந்து நாட்டில் பாவ்லோவா காலமானார். சாகும் தறுவாயில் அன்னப் பறவை உடையை எடுத்து வரச் சொன்னார் என்று இன்றும் சொல்வார்கள்.

வக்கீல் ஆடிய ஆட்டம்

நம் நாட்டுக் கலையோ அப்போது மூச்சுத் திணறிக் கொண்டிருந்தது.

1892-ம் ஆண்டு முதல் சென்னையில் சதிருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்து வந்தது. கல்யாணத்துக்குச் சதிர் வைக்காதே, சதிர் பார்க்கப் போகாதே என்று பிரசாரம் செய்தார்கள். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டார். அந்த வழக்கத்தால் பெண்கள் பட்ட துன்பம் உண்மை. அதோடு கலையும் அழிந்துவிடுமோ என்று வேறு சிலர் பயந்தார்கள். அந்தப் பயமும் உண்மை.

பயந்தவர்களில் ஒருவர் ஈ. கிருஷ்ண ஐயர். வக்கீல். சதிர் கலையின் பெருமையைக் காட்டுவதற்காக, இவரே புடவை கட்டி, நகை பூட்டி, பெண் வேடத்தில் மேடை ஏறி ஆடினார்! அவருடைய முயற்சியால் சென்னை மியூசிக் அகாடமியின் மேடையில் பரம்பரை நாட்டியப் பெண்கள் ஆடினார்கள். சதிர் என்ற பெயர் மெல்ல மறைந்து, பரத நாட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

1933-ல் ருக்மிணி தேவி அந்த ஆட்டத்தைப் பார்த்தார். எந்த நாட்டிலோ தேடியது சொந்த வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது!

உடனே கற்கத் தொடங்கினார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலைச் சேர்ந்த கௌரி அம்மாள் அவருக்கு ஆசிரியை. பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். தஞ்சை நால்வரின் வழியில் வந்த பெரிய நட்டுவனார் அவர். குடும்பப் பெண்ணுக்கு, அதுவும் 30 வயதை எட்டிய பெண்ணுக்கு, நாட்டியம் கற்பிக்க முதலில் தயங்கினார். பரம்பரைக் குடும்பங்களில் ஐந்து ஏழு வயதிலேயே முழங்காலை வளைத்துப் பழக்கிவிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கு உடம்பு இணங்குமா? ருக்மிணி விடவில்லை. நாள் முழுவதும் உழைத்தார்.

எதை உடுத்துவது?

1935-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரம்மஞான சபையின் வைர விழா. பல நாட்டு மக்கள் அடையாற்றில் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் ஆடுவது என்று ருக்மிணி முடிவு செய்தார். அவருடைய கணவர் அதற்கு முந்தின ஆண்டுதான் சபையின் தலைவர் ஆகியிருந்தார். தலைவரின் மனைவி சதிர் ஆடுவதா? சபைக்குள்ளேயே முணுமுணுப்பு. ஊருக்குள் கேட்கவே வேண்டாம்.

இந்த நிலையில் உடை ஒரு சின்ன விஷயம் அல்ல. மேடையில் கால் வைத்த உடனே, ஒரு அடவு ஆடுவதற்கு முன்பே, ஜனங்கள் பார்க்கப் போவது உடையைத்தான். கொஞ்சம் கூடினாலும் ஏசுவார்கள். கொஞ்சம் குறைந்தாலும் ஏசுவார்கள்.

அப்போது சதிர் ஆடியவர்கள் உடுத்தியது என்ன? உள்ளே ஒரு பைஜாமா. மேலே கெட்டி ஜரிகைப் புடவை. புடவையைச் சுற்றி, கொசுவத்தை முன்னால் விசிறிபோல விட்டு, மீதியை இடுப்பில் சுற்றிச் செருகுவார்கள். கையும் கழுத்தும் ஜரிகை மின்னும் ரவிக்கை. பார்ப்பதற்குச் செல்வாக்காக இருக்கும். பழகியவர்கள் அதை உடுத்தி அற்புதமாக ஆடினார்கள். ஆனால் துணியின் கனத்தில் இடுப்பு பருத்துத் தெரியும். அரைமண்டி சரியாகத் தெரியாது.

அரைமண்டி என்பதுதான் பரத நாட்டியத்தின் அடித்தளம். குதிகால்கள் சேர்ந்து, முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்து, பாதி உட்கார்ந்த நிலை. இரண்டு காலுக்கும் நடுவில் வைரக்கல் மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். சிற்பங்களில் அது அழகாகத் தெரியும். புடவை மூடினால் எப்படித் தெரியும்?

ருக்மிணி கோவில் சிற்பங்களைப் பார்த்தார். பழைய ஓவியங்களைப் பார்த்தார். அடையாற்றில் மேடம் கஜான் என்ற இத்தாலியச் சீமாட்டி இருந்தார். தையலில் கெட்டிக்காரி. இருவரும் உட்கார்ந்தார்கள். புடவையை வெட்டினார்கள்.

பட்டுப் புடவையைக் கத்தரிப்பதா என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் பதறுவார்கள். ஆனால் அந்தக் கத்தரிதான் வழி காட்டியது. காலுக்குத் தனித்தனியாகப் பைஜாமா. இரண்டு காலுக்கும் நடுவில், கொசுவம் கொசுவமாக மடித்து அழுத்தித் தைத்த ஒரு விசிறி. நேராக நின்றால் விசிறி மூடிக்கொள்ளும். அரைமண்டியில் உட்கார்ந்தால் மயில் தோகை போல விரியும். இடுப்புக்குத் தனியாக ஒரு துண்டு. மார்புக்கு மேலே ஒரு மேலாக்கு. புடவையின் கரை வீணாகாமல் விசிறியின் ஓரத்துக்கும், முந்தானை முன்பக்கத்துக்கும் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் நாடாவும் கொக்கியும். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அவிழாது. பழைய கட்டுக்கு ஆகும் நேரத்தில் பாதி கூட வேண்டாம்.

கண்ணுக்கு மரியாதை, காலுக்குச் சுதந்திரம். இரண்டும் ஒரே தையலில் கிடைத்தன.

எல்லாவற்றையும் ருக்மிணி ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. அந்தக் காலத்தில் வேறு சில நாட்டியக்காரிகளும் தங்கள் உடையை மாற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வந்தவர்களும் பல மாறுதல்கள் செய்தார்கள். ஆனால் உடை, நகை, விளக்கு, மேடை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யோசித்தவர் அவர். பாட்டுக்காரரும் மத்தளக்காரரும் ஆடுகிறவளின் பின்னாலேயே நடந்து வருவது பழைய வழக்கம். அவர்களை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைத்தார். அலெக்ஸ் எல்மோர் என்ற வெள்ளைக்காரர் விளக்கு அமைத்தார்.

விழா நாள் வந்தது. திறந்த வெளி மேடை. ஏசுவதற்கென்றே சிலர் வந்திருந்தார்கள். 31 வயது ருக்மிணி தேவி மேடை ஏறினார்.

ஆட்டம் முடிந்தபோது ஏச்சு இல்லை. வந்தவர்களில் பலர் கண் கலங்கி இருந்தார்கள். குடும்பப் பெண்கள் நாட்டியம் கற்கலாம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது.

காலணியும் சலங்கையும்

பாலேக்காரிக்குக் காலணி எப்படியோ, பரத நாட்டியக்காரிக்குச் சலங்கை அப்படி. ஆனால் இரண்டும் நேர் எதிர். பாலேக் காலணி சத்தம் போடக் கூடாது. சலங்கை பேசவேண்டும். அது மண்ணை விட்டு மேலே எழும்புகிற கலை. இது வெறுங்காலால் மண்ணைத் தட்டி நிற்கிற கலை. காலணி இல்லாத பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்புதான் அலங்காரம்.

ஒன்றில் மட்டும் இரு நாட்டுக்கும் ஒரே சட்டம். முனை வைத்த காலணியையும் முதல் நாளே கொடுக்கமாட்டார்கள். சலங்கையையும் முதல் நாளே கட்டவிடமாட்டார்கள். அடவுகள் கைவந்த பிறகு, குரு சம்மதித்து, சாமிக்கு முன் வைத்துப் பூஜை செய்து, அவர் கையால் வாங்கிக் கட்டவேண்டும். வெண்கல மணிகளைத் தோல் பட்டையில் வரிசையாகத் தைப்பார்கள். அல்லது நூல் கயிற்றில் கோப்பார்கள். மணி அதிகமானால் சத்தம் அதிகம், கனமும் அதிகம். வயது வந்தபின் ஆடத் தொடங்கும் பெண்கள் கணுக்காலின் பலத்தைப் பார்த்து வரிசையைக் கூட்டிக் கொள்வதே நல்லது. பட்டை இறுகினால் நரம்பு வலிக்கும். தளர்ந்தால் சலங்கை சரிந்து குதிகாலில் உராயும்.

நகை விஷயத்திலும் இந்தக் கணக்கு உண்டு. நெற்றிச்சுட்டி, தலையின் இரு பக்கமும் சூரியன் சந்திரன், பின்னால் ராக்கொடி, ஜடைக்குக் குஞ்சலம், காதுக்கு ஜிமிக்கி மாட்டல், மூக்குக்கு நத்தும் புல்லாக்கும், கழுத்துக்கு அட்டிகை, கைக்கு வங்கி, இடுப்புக்கு ஒட்டியாணம். இவை கோவிலில் அம்மனுக்குப் பூட்டும் நகைகளின் சாயல். சிவப்புக் கெம்புக்கல் பதித்து நாகர்கோவில் பக்கத்து வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் சொக்கத் தங்கத்தில் செய்தால் கழுத்து தாங்குமா? வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசுவார்கள். ஜிமிக்கியின் பாரத்தைக் காது மட்டும் சுமக்காமல் கூந்தலும் சுமக்கத்தான் மாட்டல். சுட்டியும் ராக்கொடியும் ஊசியால் மட்டும் நிற்காது; நூலால் கட்டவேண்டும். ஆடும்போது ஒரு நகை கழன்று விழுந்தால், ஆட்டம் போச்சு; சபையின் கண் அந்த நகையின் பின்னாலேயே ஓடும்.

பழகும்போது இவை எதுவும் வேண்டாம். கெட்டிப் பருத்திப் புடவையை முழங்காலுக்குக் கீழே நிற்கும்படி உயர்த்திக் கட்டி, உள்ளே பைஜாமா போட்டு, இடுப்பை இறுக்கிக் கொண்டால் போதும். ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது கையைத் தொங்கவிட்டுக் கொடுக்கக் கூடாது. தலைக்கு மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். பைஜாமாவுக்கு நின்றபடி அளவு கொடுத்தவர்கள், முதல் அரைமண்டியிலேயே தையல் பிரிந்து திண்டாடுவார்கள்! மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு வருவது உத்தமம்.

குளிர்ந்த ஊரில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே மாலையில் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் பாதம் மரத்துப் போகும். மரத்த காலால் தட்டினால் சுளுக்குத்தான் மிஞ்சும். மேடை ஏறும் வரை போர்வை, காலுக்கு உறை, உடம்பு சூடேறும் வரை மெதுவான அடவு. பட்டு உடை பகட்டாக இருக்கலாம். கம்பளியின் வேலையை அது செய்யாது.

கொடைக்கானல் என்றதும் ஒரு வினோதமான ஒற்றுமை நினைவுக்கு வருகிறது. அங்கே குறிஞ்சி ஆண்டவர் கோவில் இருக்கிறது. கோவில் முற்றத்தில் நின்றால் கீழே பழனி தெரியும். 1936-ம் ஆண்டு அந்த முருகன் கோவிலைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஐரோப்பிய வழியில் வந்த பெண். இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்ப் பெரியார் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். வெள்ளைக்காரரை மணந்த தமிழ்ப் பெண் அடையாற்றில் கலைக்குக் கோவில் கட்டியதும் அதே 1936-ல்தான்.

ஒரு மரம், ஒரு மாணவி

1936-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ருக்மிணி தேவி ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். கட்டிடம் இல்லை. ஒரு மர நிழல். ஒரே ஒரு மாணவி. அந்தச் சிறுமி ராதா, அண்ணன் ஸ்ரீராமின் மகள். பின்னால் கலாக்ஷேத்திரம் என்று அந்தப் பள்ளிக்குப் பெயர் வந்தது.

மாணவிகள் பெருகினார்கள். அத்தனை பேருக்கும் நாட்டிய உடைக்குப் புடவை வேண்டும். கடையில் தேடினார். கண்ணைப் பறிக்கும் சாயங்கள், பொருத்தமில்லாத பூக்கள். பழைய புடவைகளில் இருந்த யாளியும் அன்னமும் ருத்திராட்சமும் கோபுரக் கரையும் காணவில்லை. பாட்டிமார்களின் பெட்டியில் கிடந்த பழம் புடவைகளைத் தேடி எடுத்தார். அவற்றைப் பார்த்து நெய்ய 1937-ல் பள்ளியிலேயே தறி போட்டுவிட்டார்!

அகலக் கரைப் புடவை நெய்வது சுலபமல்ல. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கோர்வை என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா. ஒவ்வொரு இழைக்கும் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கோத்து வரவேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகாது. கரையின் பக்கம் கை கொடுக்க இன்னொருவர் உட்காருவார். சற்றுத் தவறினாலும் கரை பிரிந்துவிடும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குச் சிவப்பு, மயில் கழுத்து நிறத்துக்கு அரக்கு. மேடை விளக்கில் இந்த நிறங்கள் கூசாமல் நின்றன. ஆடுகிறவர்களுக்காக நெய்த புடவை பிறகு கல்யாண வீடுகளுக்கும் போயிற்று. கலாக்ஷேத்திரப் புடவை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார். தலைவிக்குப் பட்டு. மலையிலிருந்து குறி சொல்ல வரும் குறத்திக்குப் பாசிமணி, கூடை, காட்டுக் கட்டு. ஆளைப் பார்த்த உடனே யார் என்று தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டு, 1945 ஆகஸ்டில், கணவர் அருண்டேல் காலமானார். ருக்மிணி தேவி துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1955 முதல் 1970 வரை ராமாயணம் முழுவதையும் ஆறு நாட்டிய நாடகங்களாகச் செய்தார்.

எதிர்ப்பும் உண்டு

அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி மாபெரும் கலைஞர். பரம்பரையாக வந்தவர். சிருங்காரம்தான் நாட்டியத்தின் உயிர், அதைக் கழுவிச் சுத்தப்படுத்த வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. புடவைக் கட்டை ஒட்டிய பழைய பாணியே அவருக்கு உகந்தது. பக்தியே பிரதானம் என்பது ருக்மிணி தேவியின் கட்சி. இந்த வழக்கு இருவரும் மறைந்த பிறகும் தீரவில்லை.

இன்னொரு வேதனையும் உண்டு. 1947-ல் சென்னை சர்க்கார் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழித்தது. கலையைக் காலங்காலமாகக் காத்த குடும்பங்களில் பலர் மேடையை இழந்தார்கள். அவர்கள் ஆடியபோது பழித்த ஊர், வசதியுள்ள வீட்டுப் பெண்கள் புது உடையில் ஆடியபோது கை தட்டியது. ருக்மிணி தேவி, கௌரி அம்மாளையும் பரம்பரை நட்டுவனார்களையும் அழைத்து ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார். ஆனால் அப்படி அழைக்கப்படாதவர்கள் எத்தனையோ பேர்.

ராஷ்டிரபதி பதவி வேண்டாம்

1952-ல் ருக்மிணி தேவி ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே வாயில்லாப் பிராணிகளுக்காகப் பேசினார். மிருகவதைத் தடுப்புக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1956-ல் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை ராஷ்டிரபதி பதவிக்கு நிற்கும்படி கேட்டார். மற்றவர்கள் தவம் கிடக்கும் பதவி. ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். பள்ளி அதற்குள் அடையாற்றிலிருந்து திருவான்மியூர்க் கடற்கரைக்கு இடம் மாறி, மரங்கள் அடர்ந்து வளர்ந்திருந்தது. அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. மறு ஆண்டு, 1978-ல், கலம்காரி அச்சுக்கும் இயற்கைச் சாயத்துக்கும் அங்கே ஒரு பிரிவு தொடங்கினார். 74-வது வயதிலும் சாயத் தொட்டியின் மேல்தான் கண்!

1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி அவர் காலமானார். அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான். அவர் கொண்டாடிய கடைசி பிப்ரவரி 29, 1984-ல் வந்தது. 81 வயது வரை வாழ்ந்தவருக்கு வந்த பிறந்த நாட்கள் மொத்தம் இருபதுதான்.